அம்மா பாட்டும் ரெண்டு மைக் பொட்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்க அம்மாவுக்கு வேலை கிடையாது. மழை விழுந்த அளத்தில் உப்பு விளையாது. தை மாசியில் பாத்தி கட்டி மிதித்துப் பதமாக்கி, வெயில் ஏற ஏற உப்பு வாரிச் சுமந்து, புரட்டாசி வரைக்கும் ஓடுகிற ஓட்டம் அந்த மூணு மாசம் நின்றுபோகும். முப்பது வருசத்துக்கு மேலாக அவளுக்கு இதுதான் வருசம். கால் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவாள். அளத்துப் பாட்டு, நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் வரும். ஒப்பாரி மட்டும் வராது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பாள். ஆனால் எங்க பக்கத்தில் சாவு விழுந்தால் முதலில் அம்மாவைத்தான் தேடி வருவார்கள்.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறான். பழைய மரக் கிடார். உப்புக் காத்தில் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கம்பி கறுத்துப்போகும். ஆச்சி பாடும்போது எதிரே உட்கார்ந்து, சத்தம் வராமல் கம்பியைத் தடவிக்கொண்டே இருப்பான். போன வருசம் ஒருநாள் கேட்டான்: “அத்தே, ஆச்சி பாட்டை நாம ரிக்கார்டு பண்ணினா என்ன?”

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

எங்க அம்மாவைப் பெத்த ஆச்சி பாடிய கேசட் ஒன்று எங்க வீட்டில் இருந்தது. அப்பா பழைய துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை தூக்கியவர். வளைகுடாவுக்குப் போய்த் திரும்பிய சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார். ஆச்சி ஒரு சாவு வீட்டில் பாடியதை அதில் பிடித்திருந்தார். கேசட்டின் முதுகில் ரெண்டு சின்னத் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிய முடியாது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. 1999இல் எனக்குப் பத்து வயசு. ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டை அதன்மேல் பிடித்துவைத்தேன். ஆச்சி இல்லை, அவள் குரலும் இல்லை. அம்மா என்னை அடிக்கவில்லை. “போட்டும், சின்னப்புள்ள” என்று சொல்லிவிட்டு அளத்துக்குப் போனாள். அடித்திருந்தால் இத்தனை வருசம் அது எனக்குள் கிடந்திருக்காது.

பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். நாட்டுப்புற இலக்கியம் என்று ஒரு தாள். ஒப்பாரி ஒரு ‘வகை’. அதன் இலக்கணம், உவமை எல்லாம் பரீட்சைக்கு வரும். எங்களுக்குக் கொடுத்த பாடப் பகுதியில் தொகுத்தவர் பெயர் இருந்தது, பதிப்பித்தவர் பெயர் இருந்தது. பாடினவள் பெயர் இல்லை. எங்க ஆச்சி பாட்டைப் போன்ற பாட்டுக்கு நானே பொழிப்பு எழுதி மார்க் வாங்கினேன்.

முதலில் செல்போனில் பிடித்துப் பார்த்தோம். குரல் கேட்டது. ஆனால் குரல் பதிவுக்கான அந்தச் செயலி, பேச்சைத் தவிர மற்றதை எல்லாம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கிறது. அம்மா அடிவயிற்றிலிருந்து இழுத்து நீட்டுகிற இழுவையை இரைச்சல் என்று வெட்டியது. சத்தம் ஏறினால் தானாகக் குறைத்தது, இறங்கினால் தானாகக் கூட்டியது. அழுகையின் ஏத்த இறக்கம் எல்லாம் சமமாகிவிட்டது. சமத்துவம் வேண்டியதுதான், அங்கே இல்லை.

சரி, காசு கொடுத்தே செய்வோம் என்று டவுனில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். மணிக்கணக்குக் கூலி. பறையோடு வந்த சித்தப்பாவைப் பார்த்ததும் “அதை உள்ள கொண்டுவராதீங்க, மைக் தாங்காது” என்றார் அங்கிருந்தவர். அப்புறம் “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். இந்தக் கேள்விக்கு அர்த்தம் நமக்குத் தெரியாததா? சித்தப்பா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மைக் தாங்காது என்பது பொய் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மேடையில் பாடகர்கள் பிடித்திருக்கிற சாதாரண டைனமிக் மைக், தவில் பறை எதையும் தாங்கும்.

உள்ளே அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி, அதில் டிக் டிக்கென்று தாளத்தை விட்டு, அதற்குள் பாடச் சொன்னார்கள். அளத்துப் பாட்டை ஒருவழியாகப் பாடினாள். இது நம்ம வீடு இல்லையே என்று ஒப்பாரியும் எடுத்தாள். பாதியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: “சுருதி போகுதும்மா. முதல்லேருந்து இன்னொரு தடவை.”

அம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “செத்தவள மறுபடியும் சாவச் சொல்லுதானா இவன்?” என்று என்னைக் கேட்டாள். ரெண்டு மணி நேரத்துக்குக் காசைக் கட்டிவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது மருமகன் சொன்னான்: “நாமளே ஒரு பொட்டி வாங்குவோம் அத்தே.”

பொட்டி என்று அவன் சொன்னது ஆடியோ இண்டர்ஃபேஸை. உள்ளங்கை ரெண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். மைக்கிலிருந்து வருகிற மிக மெலிந்த மின்சாரத்தை முதலில் பெரிதாக்கும். பிறகு ஒரு விநாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அதை அளந்து எண்ணாக மாற்றி, யு.எஸ்.பி. வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரும்பி வருகிற எண்ணைச் சத்தமாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. மின்சாரத்தையும் அதே வயரிலிருந்து எடுத்துக்கொள்கிற பெட்டிகள் உண்டு.

அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. காசு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் நேராகச் சொல்லவில்லை. “நம்ம வீட்டுல இந்த மாதிரிச் சாமானெல்லாம் எதுக்கு?” என்றான். எங்க மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கில் போலீஸ் நுழைந்தது. படித்து, வெளிநாடு போய்ச் சம்பாதித்து, தலைநிமிர்ந்த தலித் ஊர் அது. மின்விசிறி, டி.வி., டேப் ரிக்கார்டர், தையல் மெஷின், சைக்கிள் என்று தேடித்தேடி உடைத்தார்கள். துணிமணிகளையும் பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். உடைக்க வந்தவர்களுக்கு எதை உடைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நம் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும் ஒரு பெட்டி இருப்பதே சிலர் கண்ணுக்கு உறுத்தல். அதனாலேயே வாங்க வேண்டும் என்றேன் நான். அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவன் பங்கை எடுத்துக் கொடுத்தான்.

இனி எதை வாங்குவது? இதில்தான் எனக்கும் மருமகனுக்கும் ஒரு வாரம் சண்டை.

அவன் பார்த்து வைத்தவை மலிவானவை. பெரிங்கர் யு.எம். 2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ, கொஞ்சம் விலை கூடினால் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. மூணுக்கும் ஒரே அமைப்பு. மைக்குக்கு ஒரு துளை, கிடாருக்கு ஒரு துளை. கிடார் துளை என்பது எலக்ட்ரிக் கிடாருக்கு, அல்லது உள்ளே பிக்கப் வைத்த மரக் கிடாருக்கு. பிக்கப்பிலிருந்து வருகிற சிக்னலுக்கென்று பத்து லட்சம் ஓம் அளவில் தடை வைத்த தனித் துளை அது. சாதாரணத் துளையில் சொருகினால் கம்பியின் கூர்மை மழுங்கிவிடும். கிடார் ஒன்றை மட்டும், அல்லது தானே வாசித்துத் தானே பாடிப் பதிகிறவர்களுக்கு இந்த வகை போதும். தனியாக உட்கார்ந்து பழகுகிற பிள்ளைகள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.

எங்க கிடாரில் பிக்கப் இல்லை. அதற்கும் ஒரு மைக் வைத்தால்தான் உண்டு. அப்படியானால் அம்மாவுக்கு?

“அதுக்கு வழி இருக்கு அத்தே. முதல்ல நான் கிடாரை வாசிச்சுப் பதிஞ்சிருதேன். அப்புறம் ஆச்சி அத ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே பாடட்டும். உலகம் பூரா அப்பிடித்தான் செய்யுதாவ.”

உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர் அம்மாவை டிக் டிக்குக்குப் பின்னால் நடக்கச் சொன்னார். பேரன் கிடாருக்குப் பின்னால் நடக்கச் சொல்கிறான். பிரியத்தோடு சொல்கிறான், ஆனாலும் நடக்க வேண்டியது அவள்தான். ஒப்பாரிக்கு முன்கூட்டிப் போட்ட தாளம் கிடையாது. மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே நிற்கும், நினைப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே போகும். கிடார்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். அதற்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தும் ரெண்டு குரலும் தனித்தனித் தடத்தில் பதிய வேண்டும். ஆக, ரெண்டு மைக் துளை. மற்ற எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் பிடிக்கக் கூடாது என்றேன்.

ரெண்டு மைக் துளை உள்ள பெட்டிகளில் எம்-ட்ராக் டுயோ, பெரிங்கர் யு.எம்.சி. 202 எச்.டி., ஸ்கார்லெட் டூ ஐ டூ மூணையும் பார்த்தோம். கடைசியாகச் சொன்னதில் நான்காம் தலைமுறைப் பெட்டி, சத்த அளவைத் தானே சரிசெய்துகொள்கிற வசதியோடு 2023இல் வந்தது. எங்க கைக்கு எட்டவில்லை. நடுவில் இருந்ததை வாங்கினோம்.

வாங்கும்போது எதை விட்டுக்கொடுத்தோம் என்பதையும் சொல்கிறேன். விநாடிக்கு 1,92,000 தடவை அளக்கும் என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மனுசக் காது விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது. 48,000 அளவே அதற்குத் தாராளம். ஆக அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 24 பிட் இருக்கிறதா என்று பார்த்தோம். 16 பிட்டில் சத்தத்தின் ஏத்த இறக்கத்துக்கு 65,536 படிகள். 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். படி அதிகமிருந்தால், சத்தத்தைத் தாழ்த்தி வைத்துப் பதிந்துவிட்டு நிதானமாகப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒப்பாரி முனகலில் தொடங்கி அலறலுக்குப் போகிற பாட்டு. அதற்கு இந்த இடைவெளி வேண்டும்.

தாமதம் என்று ஒன்றைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தினார்கள். சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வர நேரம் ஆகும். 256 அளவுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால், விநாடியை ஆயிரமாக்கி அதில் ஐந்து பங்குக்குச் சற்று மேல். போகவும் வரவுமாக இன்னும் கூடும். கூடினால் வாசிக்கிறவனுக்குக் கை தடுமாறும். ஒரே அறையில் நேருக்கு நேர் உட்கார்ந்து, காதில் எதையும் மாட்டாமல் பாடுகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிகிறவர்கள் மட்டும், மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேரே காதுக்குக் கொடுக்கும் பொத்தான் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிச்சக் காசில் ரெண்டு டைனமிக் மைக். 48 வோல்ட் மின்சாரம் கேட்கிற கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும் என்றார்கள். பிடிக்கும். எங்க தெருவில் அது துறைமுகத்துக்குப் போகிற லாரியையும் நுணுக்கமாகப் பிடிக்கும். டைனமிக் மைக் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்து, தூரத்தில் இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்கிற மென்பொருள் இலவசம். அண்ணன் யாரிடமோ வாங்கிய பழைய லேப்டாப் போதுமானதாக இருந்தது.

பெட்டி வந்துவிட்டது. ஒப்பாரி?

அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: “கார்த்திகைல எங்க அம்ம செத்த நாளு வருது. அவ செத்தன்னைக்கு நான் அளத்துல கெடந்தேன். வந்து சேருமுன்ன எடுத்துட்டாவ. அவளுக்கு நான் சரியா அழல. அன்னைக்கு அழுதேன், நீங்க பிடிச்சுக்கிடுங்க. ஒரு தரந்தான்.”

அந்தக் கேசட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரு தரம்தான் என்றால் முன்வேலை முழுவதும் சரியாக இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினோம். தகரக் கூரை என்பதால் மழை விட்ட நேரம் பார்த்தோம். சுவரில் போர்வையும் சேலையும் தொங்கவிட்டோம். இந்த வகை மைக்குக்குப் பின்புறம்தான் செவிடு. அதனால் கிடார் மைக்கின் முதுகு அம்மா பக்கமும், அம்மா மைக்கின் முதுகு தெருப் பக்கமும் இருக்கும்படி வைத்தோம். சித்தப்பா பறையை அனலில் காய்ச்சிக்கொண்டு, வாசல்படியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தார். அவருக்குத் தனி மைக் இல்லை. ரெண்டு மைக்கிலும் அது தானாக வந்து விழும் என்று தெரியும். அளவு பார்க்க அம்மாவைப் பாடச் சொல்ல முடியாது. “அளத்துல அந்தக் கோடியில இருக்கவளக் கூப்பிடுத மாதிரிக் கூப்பிடும்மா” என்றேன். கூப்பிட்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்றது. சிவப்பு எரிந்தால் சத்தம் வெட்டுப்பட்டது என்று அர்த்தம், பிறகு எதனாலும் ஒட்டவைக்க முடியாது. விளக்கு எரியாத அளவுக்குக் குறைத்து, அதற்கும் கீழே இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தோம்.

இந்தக் கடற்கரையில் எண்ணிக் கணக்கெழுதுவதற்குக் குறைவே இருந்ததில்லை. முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது வரைக்கும், மூழ்கியவர்கள் மூச்சடக்கி எடுத்த சிப்பியை எண்ணி, அரசுப் பங்கை எடுத்துக்கொண்டு ஏலம் விட்டார்கள். அளத்தில் உப்புக்கு டன் கணக்கு. 1974இல் பெரிய துறைமுகமான பிறகு ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் டன் கணக்கு. எங்க பெண்கள் பாடியது எந்தக் கணக்கிலும் வரவில்லை. கிடார் நம்ம வாத்தியமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, மற்றவர்களின் பாட்டுக்குக் கிடார் வாசித்துத்தான் இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’க்கு வந்தார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் கிடாரும் ஒன்றாகத்தான் நின்றன. வாத்தியம் யாருடையது என்பதைவிட, யார் பின்னால் அது நடக்கிறது என்பதே எனக்குக் கேள்வியாக இருக்கிறது.

1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கௌஹர் ஜான் என்கிற பாடகியைப் பதிவு செய்தபோது, மூணு நிமிசப் பாட்டின் முடிவில் அவர் தன் பெயரைச் சொல்வார். இசைத்தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு இன்னார் தட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அவர்களுக்கு அது தொழில் வசதி. எனக்கு என் பாடத்தாள் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன், “முதல்ல உம் பேரச் சொல்லிட்டு ஆரம்பி.”

சொன்னாள். அவள் பெயர், அவள் அம்மா பெயர், அந்த ஆச்சிக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவள் பெயர். பிறகு பதினொரு நிமிசம் பாடினாள். பேரன் முதல் ரெண்டு நிமிசம் கம்பியைத் தொடவே இல்லை. பிறகு ஒரே கம்பியில் தொடர்ந்தான். ஒரு இடத்தில் அம்மாவுக்கு மூச்சு அடைத்து நின்றது. அவனும் நிறுத்தினான். வாசலில் பறையும் நின்றது. அந்த மௌனத்தில் தூரத்தில் ஒரு லாரி போகிற சத்தம் இருக்கிறது. எடுத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ரெண்டு தடமும் சேர்த்து நிமிசத்துக்குப் பதினேழு எம்.பி. அளவில் வந்தது. மூணு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தகடு உடைக்கிற வேலைக்கு இப்போது வழியில்லை, பிரதிதான் வழி. அளத்துப் பாட்டையெல்லாம் யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. ஒப்பாரி மட்டும் வீட்டோடு. “சாவு விழுந்த வீட்டுல கேட்டா குடு, சும்மா கேக்குதவனுக்குக் குடுக்காத.” அவள் பெயரையும் அதனால்தான் இங்கே எழுதவில்லை. அது பதிவில் இருக்கிறது.

பதிந்ததை அன்று ராத்திரியே போட்டுக் காட்டினோம். ஸ்டூடியோவில் கழற்றி வைத்த மாதிரி ஹெட்போன்தான், இந்தத் தரம் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். முழுக்கக் கேட்டாள். கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எங்க அம்ம குரலு மாதிரியே இருக்குட்டி.”

தை பிறந்ததும் அளத்துக்குப் போய்விட்டாள். பெட்டியைத் துணியில் சுற்றி, உப்புக் காத்துப் படாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தெருவில் இன்னும் நாலு பாட்டிமார் இருக்கிறார்கள். ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒருத்தி சொல்லியனுப்பியிருக்கிறாள்.